படத்தில் வராத மோட்டார்

தெள்ளாரிலிருந்து ஒரு பெண் தன்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று கேட்டதும் ஜெயப்ரியாவுக்கு முதலில் வந்தது பெருமைதான். அவள் வீட்டின் பின்பக்கம், குளத்தோரமாக நின்று, சோலார் தகட்டில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் மாணிக்கவேல் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்.

"ஜெயா, உன் வீடியோவைப் பாத்துட்டு யாரோ வந்துகீறாங்க. ஜல்தி வா."

கூடத்தில் ஆரணிப் பட்டுப் புடவை எடுக்க வந்த வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் மாணிக்கவேல் அவ்வளவு சத்தமாகச் சொன்னான். கொஞ்ச காலத்துக்கு முன்னால் இதே மனிதன், "குட்டையில மீனை வுட்டுகினு, அதைப் படம் வேற புடிச்சிகினு... நம்ம கொசப்பாளையமே சிரிக்குது" என்று சலித்துக்கொண்டவன். இப்போது பட்டு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா யூடியூப்ல ஃபேமஸுங்க" என்று தானாகவே ஆரம்பித்துவிடுகிறான்.

ஜெயப்ரியா கையைத் துடைத்து, முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் வந்தாள்.

வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் கனத்த துணிப்பை. பஸ் மாறி வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் ஜெயப்ரியாவைப் பார்த்ததும் அந்த முகம், பழகிய மனுஷியைக் கண்டது போல மலர்ந்துவிட்டது.

"அக்கா! வீடியோல பாக்கற மாதிரியே கீறீங்க. நான் தமிழ்ச்செல்விக்கா. கமெண்ட்ல 'தமிழ் துரை'ன்னு எழுதுவனே, அது நான்தான். துரை எங்க வூட்டுக்காரரு."

அந்தப் பெயர் ஜெயப்ரியாவுக்கு நினைவிருந்தது. ஒரு வீடியோ விடாமல் கீழே வந்து 'சூப்பர் அக்கா' என்று எழுதும் பெயர்.

"தெள்ளார்ல எந்தப் பக்கம்மா?" என்று மாணிக்கவேல் உள்ளேயிருந்தே கேட்டான்.

"காலனிங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. தயங்கவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"ஓ, சரி சரி" என்று அவன் புடவையை மடிப்பதில் திரும்பிக்கொண்டான்.

"கூடம் பூரா புடவை விரிச்சிருக்கும்மா" என்றாள் ஜெயப்ரியா. "இப்படி சந்து வழியா பின்னால வந்துடு. குளத்தையே பாத்துடலாம்."

கூடத்தில் புடவை விரித்திருந்தது உண்மைதான். ஆனாலும் கால் வைக்க இடமில்லாமல் இல்லை. தமிழ்ச்செல்வி மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரச் சந்தில் திரும்பினாள்.

இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அளவுதான் அந்தக் குளம். பாதிக்கு மேல் பச்சை நிழல்வலை. மீதியில் வெயில் இறங்கி, அடியில் கிடந்த கூழாங்கல் வரை தெரிந்தது. நடுவில் சோலார் மோட்டாரின் குழாய் முனையிலிருந்து காற்றுக் குமிழிகள் சரம் சரமாக மேலே வந்து உடைந்தன. செம்மஞ்சள் மீன்கள் அதைச் சுற்றி வந்தன. தமிழ்ச்செல்வி கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடி மாதிரி கீதுக்கா தண்ணி" என்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு நீட்டினாள்.

அதில் வேறொரு குட்டை. தார்ப்பாய் விரித்து நீர் நிரப்பியது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அதன் மேல் வயிறு வெளுத்துக்கொண்டு மீன்கள் மிதந்தன. கட்லாவும் ரோகுவும், உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தவை, கரையோரமாக ஒன்றின்மேல் ஒன்று ஒதுங்கிக் கிடந்தன.

"எல்லாம் பூடுச்சுக்கா. ஒண்ணுகூட தங்கல."

வீட்டுப் பின்னால் தானும் துரையும் சேர்ந்து வெட்டிய குட்டை அது என்றாள். துரைக்குக் கொத்து வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெட்டினார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் பச்சையாகப் போனபோது ஜெயப்ரியாவின் வீடியோ கண்ணில் பட்டது. அதில் சொன்னபடியே செய்தாள். பழைய புடவைகளைத் தைத்து நிழல் கட்டினாள். நூல் நூலாய்ப் படர்ந்த பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்தாள். அதே சோலார் மோட்டாரை வாங்கிப் போட்டாள்.

"அதுக்கு முன்னாடி வூட்லேர்ந்து ஒயரு இழுத்து ஒரு சின்ன கரண்டு மோட்டாரு ஓடிகினு இருந்துச்சுக்கா. நீங்கதான் சொன்னீங்களே, கரண்டே வேணாம், ராத்திரிகூட பயமில்லன்னு. அதான் அதைக் கழட்டி நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். அப்பறம் ரெண்டு நாளு வெயிலே இல்லாம மோடம் போட்டுச்சு. மறுநாள் விடிஞ்சு பாத்தா இப்படி." அவள் போனை அணைத்தாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரிலக்கா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எங்கே தப்பு என்று ஜெயப்ரியாவுக்குத் தெரியும். தமிழ்ச்செல்வி கேட்டு முடிப்பதற்குள்ளேயே தெரியும்.

சோலார் மோட்டார் சூரியன் இருக்கிறவரைதான் ஓடும். பாசி படிந்த தண்ணீரில் ஆபத்து வருவதோ சூரியன் போன பிறகு. பகலில் தண்ணீருக்கு மூச்சுக் கொடுக்கிற அதே பாசி, இருட்டினால் மீனோடு போட்டிபோட்டுக்கொண்டு அந்த மூச்சை இழுத்துக்கொள்ளும். விடிகிற நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவள் தன் குளத்திலேயே இதைக் கண்டு பதறியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கரண்ட் மோட்டாரை வைத்தாள். விளக்கு வைக்கிற வேளைக்குத் தானாக ஓட ஆரம்பித்து, விடிந்ததும் நிற்கிற மாதிரி. அதன் குழாய் நிழல்வலைக்கு அடியில் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது.

சோலார் மோட்டார் காசு கொடுத்து வாங்கியதல்ல. ஒரு கம்பெனி, வீடியோ போடச் சொல்லி இலவசமாக அனுப்பியது. அங்கிருந்து பேசிய கிரண் என்ற பையன்தான் அவளை முதன்முதலாக 'மேடம்' என்று கூப்பிட்டவன். "கரண்ட் பில் மிச்சம்ங்கறது மட்டும் கொஞ்சம் அழுத்தமா வரட்டும் மேடம்" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. எதையும் மறைக்கச் சொல்லவுமில்லை. துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்த மோட்டாரின் மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்தது அவள்தான். படம் அழகாக இருக்கட்டும் என்றுதான் கவிழ்த்தாள். அப்புறம் கேமராவைப் பார்த்துப் பேசுகிற வேகத்தில், "கரண்டே வேணாம்ங்க, ராத்திரிகூட பயமில்ல" என்று வாயில் வந்துவிட்டது. வீடியோவை வெட்டி ஒட்டும்போது அந்த இடத்தில் அவள் நின்றாள். மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள். சொன்ன விதம் நன்றாக இருந்தது. விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் உண்மைதானே, பாசியை எடுக்கிற விதம், நிழல் கட்டுகிற விதம் எல்லாம் உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யாரோ ஒருவர் கீழே, 'ராத்திரி எப்படிங்க ஓடும்?' என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அந்த ஒரு வீடியோவை மட்டும் லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

இப்போது அந்த லட்சத்தில் ஒருத்தி எதிரே குந்திக்கொண்டு முகத்தையே பார்க்கிறாள். கவிழ்த்த தொட்டி நாலடி தள்ளி இருக்கிறது. போய் அதைத் தூக்கினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"தீனி எவ்ளோ போடுவ?" என்று கேட்டாள் ஜெயப்ரியா.

யாரிடமும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அதை ஏன் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"காலைல நான் கொஞ்சம் போடுவேன். சாய்ங்காலம் அவரு. வேலைலேர்ந்து வந்தா கைகால்கூட கழுவ மாட்டாரு. தவிடும் புண்ணாக்கும் உருட்டி எடுத்துகினு நேரா அங்க போயி உக்காந்துக்குவாரு. அவரு நிழலைப் பாத்தாலே மீனுங்க ஓடியாரும்." சொல்லும்போது தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அதான்" என்றாள் ஜெயப்ரியா. "அதான் காரணம். தின்னது போக மிச்சம் அடியில தங்கி அழுகிடும். அது தண்ணில இருக்கிற காத்தை உறிஞ்சிடும். மோடம் வேற போட்டிருக்கு. மீன் எப்படித் தாங்கும்?"

தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

தமிழ்ச்செல்வியின் சிரிப்பு நின்றது. "அவராலயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சா செஞ்சாரு? பக்குவமா எடுத்துச் சொல்லு."

"சரிக்கா." அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். துணிப்பையைத் திறந்து, மண் வாசனை போகாத பச்சை வேர்க்கடலையைத் துவைக்கிற கல்லின் மேல் கொட்டினாள். "மல்லாட்டைக்கா. எங்க அண்ணன் வூட்டுக் கொல்லையில வெளைஞ்சது. உப்புப் போட்டு வேகவெச்சு சாப்புடுங்க. இவ்ளோ நேரம் ஒக்காந்து எனக்காகச் சொன்னீங்களே, அதுவே பெருசுக்கா."

ஜெயப்ரியாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, வந்த சந்து வழியாகவே போனாள். மல்லாட்டையை மாணிக்கவேல்தான் வேகவைக்கச் சொல்லித் தின்றான். நல்ல ருசி என்றான். ஜெயப்ரியா ஒன்றை உடைத்து வாயில் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டாள்.

சில நாள் கழித்துத் தமிழ்ச்செல்வியிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அவர்கிட்ட சொன்னேன். மொதல்ல ஒத்துக்கல. அப்பறம் சோறுகூட சரியா துன்னல. கடைசில, 'என் கையாலயே கொன்னுட்டனா'ன்னு கேட்டாரு. எனக்கே பேஜாராப் பூடுச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசி அனுப்புங்கக்கா, எல்லாருக்கும் நடக்கறதுதான்னு. நீங்க சொன்னா கேப்பாரு."

ஜெயப்ரியா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "வணக்கம் துரை அண்ணா" என்று ஆரம்பித்தாள். அது வீடியோவில் பேசுகிற குரலாகவே வந்தது. அழித்தாள். "அண்ணா, நீங்க ஒண்ணும்..." என்று மறுபடி பேசினாள். அதையும் அழித்தாள். கடைசியில் கைகூப்புகிற படம் ஒன்றை மட்டும் அனுப்பினாள். உடனே அந்தப் பக்கமிருந்து, 'நன்றி அக்கா' என்று வந்தது. நன்றியைப் படித்ததும் அவளுக்கு முகத்தில் யாரோ காறித் துப்பியது போல இருந்தது. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து குளத்துப் பக்கம் கேமராவை எடுத்துக்கொண்டு போக அவளால் முடியவில்லை. பார்ப்பவர்கள் கேட்டார்கள். கிரண் கேட்டான். உடம்பு முடியவில்லை என்றாள். சும்மா இருக்கிற நேரத்தில் ஒரே நினைப்பு வந்தது. சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கிய ஒருத்தி அதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவள் புருஷன் மேல் இவ்வளவு சுலபமாகப் பழியைத் தூக்கி வைத்திருப்பேனா? அவளைச் சந்து வழியாக வரச் சொல்லியிருப்பேனா? இதற்குப் பதில் தெரிந்திருந்ததால் கேள்வியை முடிக்காமலே வேறு வேலை பார்க்க எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் தெருவில் கரண்ட் போய்விட்டது. தறிச் சத்தம் எல்லாம் பட்டென்று நின்றது. மின்கம்பத்தில் ஏதோ கோளாறு, வர நேரமாகும் என்றார்கள். மாணிக்கவேல் பரபரப்பாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், யாரிடமோ கேட்டு ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடத்திலிருந்த வியாபாரி, "இன்னாங்க, இவ்ளோ அவசரம்?" என்றார்.

"மீனுக்குங்க. சோலார் பகலுக்குத்தான். ராத்திரி கரண்டு மோட்டாரு ஓடலன்னா காலைல எல்லாம் செத்து மெதக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் பின்பக்கம் ஓடினான்.

மீனைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதன் அவன். போகிற போக்கில், ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஜெயப்ரியா அடுக்களை வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். இவ்வளவுதானே அது. இவ்வளவு சின்ன வார்த்தையைத்தானே தன்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வந்தவாசியில் ஒரு வேலை இருக்கிறது என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பையில் புதிதாக வாங்கிய ஒரு கரண்ட் மோட்டாரும் சின்ன பேட்டரியும் இருந்தன. புதிய மீன்குஞ்சும் வாங்கித் தர வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள். வந்தவாசியில் பஸ் மாறினாள். தெள்ளாரில் இறங்கி டீக்கடையில் வழி கேட்டாள்.

"கொத்து வேல செய்ற துரையா? மீன் குட்டை வெச்சிருந்தானே, அவன்தானே?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. குட்டையைத்தான் மண்ணைப் போட்டுத் தூத்துட்டானே, பாவம்."

பையின் கனம் அப்போதுதான் கையில் உறைத்தது.

தமிழ்ச்செல்வி அவளை வாசலில் கண்டதும் கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! நீங்களா? எங்க வூட்டுக்கா?" என்று கையைப் பிடித்து, முன்வாசல் வழியாக நேராக வீட்டுக்குள் அழைத்துப்போனாள். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்து நடுவீட்டில் போட்டாள். ஜெயப்ரியா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரை உள்ளிருந்து வந்தான். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "வாங்கம்மா" என்றான். சுண்ணாம்பில் வெந்த விரல்கள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவன் பேசிவிட்டான்.

"உங்க பேரைக் கெடுத்துட்டம்மா. உங்க வீடியோ பாத்துத்தான் செஞ்சேன்னு ஊருல எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சேன். கடைசில நானே கெடுத்துட்டேன். மனசு கேக்கல. பாக்கப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் மண்ணைத் தள்ளி மூடிட்டேன்."

"நீங்க கெடுக்கலங்க" என்றாள் ஜெயப்ரியா. "உங்க தீனியால சாகல. என்னாலதான் செத்துச்சு."

இரண்டு பேரும் புரியாமல் பார்த்தார்கள்.

"சோலார் மோட்டாரு ராத்திரி ஓடாது. என் குளத்துல ராத்திரியெல்லாம் கரண்டு மோட்டாருதான் ஓடுது. அதை மறைச்சு வெச்சுட்டு, கரண்டே வேணாம்னு வீடியோல சொன்னேன். அதை நம்பி இவங்க இருந்த மோட்டாரையும் கழட்டிட்டாங்க."

துரைதான் முதலில் கேட்டான்.

"அப்ப என்னால இல்லியா?"

"இல்லங்க."

"நான் போட்ட தீனியால இல்லியா?"

"இல்லங்க. சத்தியமா இல்ல."

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். திட்டுவான், அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட வழியெல்லாம் நினைத்திருந்தாள். அவனோ நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சை விட்டான். முகம் இளகி, கண் கலங்கிப்போய், பின்வாசல் வழியாக வெளியே போனான். மண் தள்ளி மூடிய இடத்தில் போய் அவன் நின்றது உள்ளிருந்தே தெரிந்தது. அந்த மனிதனுக்கு ஏற்பட்ட நிம்மதியைப் பார்க்கத்தான் ஜெயப்ரியாவுக்குச் சக்தி இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் தமிழ்ச்செல்வி. இந்தத் தடவை அக்கா என்று சொல்லவில்லை.

"தெரியும்."

"மீனு செத்துக் கெடந்ததைக் காட்டினனே, அப்பவே?"

"அப்பவே தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்கு அவரு மேல சொன்னீங்க?"

ஜெயப்ரியாவிடம் பதில் இருந்தது. ஆனால் அது வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை.

"எங்க மேல போட்டா ஒட்டிக்கும்னுதானே?" தமிழ்ச்செல்வியின் குரல் உயரவில்லை. "ஒட்டிக்கிச்சு. நானே நம்பினேனே. 'நான் அளவாத்தான் போட்டேன் தமிழு'ன்னு அவரு சொன்னாரு. கட்டினவரு சொன்னதை நம்பல. போனுக்குள்ள தெரியற உங்களை நம்பினேன். அவரை எவ்ளோ பேசிட்டேன் தெரியுமா? இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு அவரைப் பாக்கறது?"

"தமிழ்ச்செல்வி, என்னை மன்னிச்சுக்கங்க" என்றாள். அன்று நீ, வா, போ என்று பேசிய வாய்க்கு இப்போது மரியாதையாகத்தான் பேச வந்தது. பையைத் தரையில் வைத்தாள். "புது மோட்டாரு. பேட்டரியும் இருக்கு. குஞ்சும் நானே..."

"எங்க போட்றது இதை? மண்ணுலயா?" தமிழ்ச்செல்வி பையைக் காலால்கூடத் தொடாமல் நகர்ந்து நின்றாள். "எடுத்துகினு போங்க. எங்களுக்கு எதுவும் வேணாம். இதை வீடியோல சொல்லுங்க. அன்னிக்கு சிரிச்சுகினு சொன்னீங்களே, அதே மாதிரி மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க. எங்க பேரு மட்டும் அதுல வரக்கூடாது."

பிறகு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

துரைதான் பஸ் நிற்கிற இடம் வரை வந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வழியில் இரண்டு பேர், "விருந்தாளியா துரை?" என்று கேட்டார்கள். "ஆமா, ஆரணிலேர்ந்து" என்றான். பஸ் நிற்கிற இடத்தில் பையை அவளிடம் கொடுத்தான். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டபோது அவன் கேட்டான்.

"உங்க மீனுங்கல்லாம் நல்லா கீதாம்மா?"

அதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நல்லாயிருக்குங்க" என்று அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பஸ்ஸில் ஏறிய பிறகும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரமாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்திலிருந்த அம்மாள், "துக்க வூட்டுக்குப் போறியா கண்ணு?" என்று கேட்டாள். ஜெயப்ரியா ஆமாம் என்று தலையசைத்தாள். அதுவும் பொய்யா உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் நல்ல வெயில் வந்ததும் கேமராவை வைத்தாள். அலங்காரம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கவிழ்த்த தொட்டியைத் தூக்கினாள். மோட்டாரைக் காட்டினாள். ஒயர் போகிற வழியையும், வலைக்கு அடியில் குழாய் இறங்குகிற இடத்தையும் காட்டினாள். "இதை நான் உங்ககிட்டேர்ந்து மறைச்சேன்" என்றாள். அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது. நாலு தடவை எடுத்தும் சரியாக வராததால், உடைந்ததையே வைத்துவிட்டாள். என் பேச்சைக் கேட்டு யாருக்காவது மீன் செத்திருந்தால் கூப்பிடுங்கள் என்று தன் போன் நம்பரையும் சொன்னாள். பழைய வீடியோவை எடுத்துவிட்டாள்.

கிரண் அன்றே கூப்பிட்டான். கம்பெனிப் பேரைக் கெடுத்துவிட்டீர்களே மேடம் என்று வருத்தப்பட்டான். கம்பெனி ராத்திரி ஓடும் என்று எங்கேயும் சொல்லவில்லையே, நான்தானே சொன்னேன், அதையும் வீடியோவில் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

மாணிக்கவேலுக்குத்தான் பொறுக்கவில்லை. "யாரு கேட்டாங்கன்னு இதைப் போயி சொன்ன? நான் இனிமே கடைவீதில எப்படி நடக்கறது?" என்றான். தெள்ளாருக்குப் போனதையும், அங்கே நடந்ததையும் அவனிடம் சொன்னாள். சந்து வழியாக வரச் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அவன் எதிர்த்து ஏதோ சொல்ல வந்து, தான் அன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டது நினைவுக்கு வந்தவன் போல, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வியாபாரிகளிடம் யூடியூப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டான்.

வீடியோவின் கீழே திட்டி எழுதினார்கள். அதைப் படிப்பது சுலபமாக இருந்தது. 'எவ்வளவு நேர்மை சகோதரி உங்களுக்கு' என்று எழுதினவர்களைத்தான் படிக்க முடியவில்லை. அந்த மாதிரி வருவதையெல்லாம் விரலால் தள்ளி மேலே அனுப்பிவிட்டு, 'தமிழ் துரை' என்ற பெயர் இருக்கிறதா என்று கீழே கீழே தேடினாள். இல்லை. மறுநாளும் தேடினாள். அதற்கப்புறம் தேடுவதை நிறுத்திக்கொண்டாள். அவர்கள் எதற்காக வர வேண்டும்?

முதல் போன் வந்தபோது அவள் குளத்திலிருந்து நூல்பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். வெம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஒருவர். பேர் சிவகுமார். அதற்குள்ளாகவே கத்த ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்காக வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி மீன் விட்டாராம். செத்த மீனைப் பார்த்துச் சின்னவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லையாம். "நீங்கல்லாம் எதுக்கும்மா வீடியோ போடறீங்க? பாக்கறவன்லாம் மடையனா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எழுதக்கூடியதில்லை.

ஜெயப்ரியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் பேசவும் இல்லை. கையிலிருந்த குச்சியிலிருந்து பாசித் தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. கத்திக் கத்தி அவருக்கு மூச்சு வாங்கியது. இந்தப் பக்கம் சத்தமே வராததைக் கவனித்து ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"லைன்ல கீறீங்களா, வெச்சிட்டீங்களா?"

"இருக்கேங்க" என்றாள். "சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் காலையில் தொட்டியருகே முதலில் போனது சின்னவள்தான் என்று, இந்த முறை கத்தாமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.